காற்றிலிருந்து கண்மணி வரை

குறைமாசத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டிருக்கும் பிள்ளையை விசாரிக்க வரும் சொந்தக்காரர்கள் வார்டு வாசலில் முதலில் கேட்பது, "இன்னும் ஆக்சிஜன் வச்சிருக்காங்களா, எடுத்துட்டாங்களா?" என்பதைத்தான். வச்சிருக்காங்க என்றால் முகம் வாடிவிடும். எடுத்தாச்சு என்றால், வேடசந்தூரிலிருந்தோ நத்தத்திலிருந்தோ பஸ் ஏறி வந்த அப்பத்தா பழனி இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுவாள். திண்டுக்கல் பக்கத்தில் ஒரு பிள்ளை பிழைத்ததா இல்லையா என்பதற்கு இன்றைக்கு அதுதான் அடையாளம்.

அந்த ஆக்சிஜன் எங்கிருந்து கிளம்பி, எந்த வழியாக வந்து, ஒரு கிலோகூட இல்லாத உடம்புக்குள் எதுவரை போகிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாக வேண்டும். உயிரைப் பிடித்து நிறுத்துகிற அதே ஆக்சிஜன், அளவு தப்பினால் பார்வையைக் கொண்டுபோய்விடும். அதுவும் அன்றைக்கே தெரியாது. பிள்ளை தேறி வீட்டுக்குப் போய், தொட்டிலில் தூங்கி, பால் குடித்து, எடை ஏறிக்கொண்டிருக்கும்போது, யாருக்கும் தெரியாமல் நடந்து முடிந்துவிடும்.

நாம் இழுக்கும் காற்றில் 21 சதவீதம்தான் ஆக்சிஜன். மீதி பெரும்பாலும் நைட்ரஜன். காற்றை அழுத்தி, குளிரவைத்துத் திரவமாக்கி, அந்தத் திரவத்தைக் காய்ச்சி வடித்து ஆக்சிஜனைத் தனியாகப் பிரிக்கும் முறையை 1902 வாக்கில் ஜெர்மனியின் கார்ல் வான் லிண்டே நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பெரிய ஆலைகளில் இன்றும் அடிப்படை அதுதான். மைனஸ் 183 டிகிரியில் அது வெளிர்நீலத் திரவம். ஸ்ரீபெரும்புதூரில் அப்படி ஓர் ஆலை இருக்கிறது. மகேந்திரகிரியில் இஸ்ரோ மையம் ராக்கெட் எஞ்சின்களுக்காகத் திரவ ஆக்சிஜன் வைத்திருக்கிறது. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது அங்கிருந்து தமிழ்நாட்டு, கேரள மருத்துவமனைகளுக்கு டேங்கர்கள் போயின. ராக்கெட்டைத் தூக்குவதும் 900 கிராம் பிள்ளையின் நெஞ்சைத் தூக்குவதும் ஒரே பொருள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

வடக்கேயிருந்து திண்டுக்கல்லுக்கு வரும் டேங்கர் என்றால் திருச்சி தாண்டி மணப்பாறை, அய்யலூர், வடமதுரை வழியாக வரும். பெரிய மருத்துவமனைகளின் பின்கட்டில் உயரமான வெள்ளைத் தொட்டி ஒன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். டேங்கர் தன் சரக்கை அதில் இறக்கிவிட்டுப் போகும். தொட்டியை ஒட்டி அலுமினியச் சிறகு வைத்த குழாய்கள் வரிசையாக நிற்கும். திரவம் அந்தக் குழாய்களில் ஏறி, வெளிக்காற்றின் சூட்டை வாங்கி, வாயுவாக மாறுகிறது. சித்திரை வெயிலில் அதைப் போய்ப் பார்க்க வேண்டும். தார் ரோடு இளகிக் கிடக்கும். இங்கே குழாய் முழுக்க வெள்ளை வெளேரென்று உறைபனி படிந்து, அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 860 லிட்டர் வாயுவாக விரிகிறது. அது செப்புக் குழாய்க்குள் புகுந்து சுவரோடு சுவராக வார்டுக்குப் போகிறது.

தொட்டி வைக்க வசதியில்லாத நர்சிங் ஹோம்களுக்குச் சிலிண்டர்தான். உடம்பு கறுப்பு, கழுத்து வெள்ளை. மினி லாரியில் வந்து இறங்கும் அந்தக் கனத்த சிலிண்டரை ஒருவர் லேசாகச் சாய்த்து, அடி விளிம்பிலேயே உருட்டிக்கொண்டு வராண்டாவில் நடப்பார். நள்ளிரவில் ஒன்று தீர்ந்து இன்னொன்றை மாட்டும் அந்தச் சில நொடிகளில் வார்டில் எல்லோருக்கும் ஒரு படபடப்பு இருக்கும். வாயு தீர்ந்துபோகும் பயம் எல்லோருக்கும் தெரிந்த பயம். கூடிப்போகும் பயம்தான் பழகாதது.

பச்சிளம் குழந்தைகள் வார்டுக்குள் வந்ததும் ஆக்சிஜன் அளவுமானியில் ஏறுகிறது. கண்ணாடிக் குழலுக்குள் ஒரு சின்னக் குண்டு மேலே எழும்பி நின்று, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் போகிறது என்று காட்டும். அதற்குக் கீழே தண்ணீர் பாட்டில். ஆலையிலிருந்து வரும் வாயுவில் ஈரமே இருக்காது. அப்படியே போனால் பிஞ்சு மூக்கும் மூச்சுக்குழலும் காய்ந்து புண்ணாகும். அதனால் தண்ணீருக்குள் குமிழியிட்டு, ஈரமும் இதமான சூடும் ஏறித்தான் அது உள்ளே போகவேண்டும்.

இந்த இரண்டுக்கும் முன்னால் இருக்க வேண்டியது, இந்த வழியிலேயே மிக முக்கியமான சாவடி: பிளெண்டர் என்கிற கலவைக் கருவி. அதற்கு இரண்டு குழாய்கள் வரும். ஒன்றில் ஆக்சிஜன், மற்றொன்றில் அழுத்திய சாதாரணக் காற்று. முகப்பில் 21 முதல் 100 வரை எண் போட்ட ஒரு திருகு. டாக்டர் 30 என்று வைத்தால் பிள்ளைக்கு 30 சதவீதம் போகும், 40 என்றால் 40. பிளெண்டர் இல்லாத இடத்தில், அல்லது அழுத்திய காற்றுக்கு லைன் போடாத இடத்தில், பிள்ளைக்குக் கிட்டத்தட்டச் சுத்தமான ஆக்சிஜனே போய்ச் சேர வாய்ப்பு உண்டு. புதிதாகக் குழந்தைகள் வார்டு தொடங்குகிறவர்கள் இன்குபேட்டர் எத்தனை, வென்டிலேட்டர் எத்தனை என்று பெருமையாகச் சொல்வார்கள். பிளெண்டர் எத்தனை என்று கேளுங்கள் என்பேன்.

இத்தனையும் தாண்டினால் மூக்கு. குறைமாசப் பிள்ளையின் நுரையீரலில் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்பாக்டன்ட் என்ற வழுவழுப்பு போதிய அளவு ஊறியிருக்காது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்கூடு உள்ளே குழிந்து எழும்பும், பிள்ளை முனகும். அந்த அறைகள் மூடிப்போகாமல் இருக்க மெல்லிய அழுத்தத்தோடு காற்றைக் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு பபிள் சிபாப் என்று பெயர். பிள்ளையின் மூக்கில் இரண்டு சின்ன முனைகள். வெளியே வரும் குழாயின் நுனி ஒரு பாட்டில் தண்ணீரில் ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழத்தில் அமிழ்ந்திருக்கும். எத்தனை ஆழமோ அத்தனை அழுத்தம். அந்தப் பாட்டில் இடைவிடாமல் களகளவென்று குமிழிவிடும். அனுபவப்பட்ட நர்ஸ் முதுகைத் திருப்பி வேறு வேலை செய்துகொண்டிருந்தாலும் அந்தச் சத்தம் நின்றால் திரும்பிவிடுவார். எங்கேயோ காற்று கசிகிறது, மூக்கிலிருந்து முனை நழுவியிருக்கிறது என்று பொருள்.

நுரையீரலைத் தாண்டி ரத்தத்தில் ஏறிய ஆக்சிஜன் மூளைக்குப் போகிறது, இதயத்துக்குப் போகிறது. கண்ணுக்கும் போகிறது. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

விழித்திரைக்கு ரத்தம் கொண்டுவரும் நாளங்கள் கருவின் 16-வது வாரம் வாக்கில் பார்வை நரம்பின் அருகே முளைத்து, மெல்ல மெல்ல விளிம்பை நோக்கிப் படரும். விளிம்பை முழுக்க எட்டப் பத்தாவது மாசம் ஆகிவிடும். கருப்பைக்குள் பிள்ளைக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் வெளியுலகத்தோடு ஒப்பிட்டால் குறைவு. அந்தக் குறைவுதான் நாளங்களை வளரச் சொல்லித் தூண்டுகிறது. ஏழாம் மாசத்திலேயே பிள்ளை வெளியே வந்து, அதன்மேல் ஆக்சிஜனும் தாராளமாகக் கிடைத்தால், விழித்திரைக்கு இனித் தேவையில்லை என்றாகி நாளங்கள் வளர்வதை நிறுத்திவிடும். சில வாரம் போனபின், ரத்தம் எட்டாத ஓரப்பகுதி பட்டினி தாங்காமல் வளர்ச்சிச் சுரப்பைக் கொட்டும். இப்போது நாளங்கள் தாறுமாறாகக் கிளைக்கும், கசியும், தழும்பாகிச் சுருங்கும், விழித்திரையையே பிய்த்து இழுக்கும். முதல் கட்டத்திலிருந்து ஐந்தாம் கட்டம் வரை மருத்துவர்கள் எண் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து என்றால் விழித்திரை முழுவதும் கழன்றுவிட்டது. ஆர்ஓபி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் குறைமாத விழித்திரை நோய் இதுதான்.

உலகம் இதைக் கற்றுக்கொண்ட கதை மிகவும் வலி நிறைந்தது. 1940-களில் அமெரிக்காவில் நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில் பிழைத்த குறைமாசப் பிள்ளைகளுக்குத்தான் அதிகமாகப் பார்வை போனது. பாஸ்டன் கண் மருத்துவர் தியோடர் டெரி 1942-ல் முதன்முதலாக அதை எழுதினார். காரணம் புரியவில்லை. வெளிச்சமா, வைட்டமினா, பாலா என்று எதையெல்லாமோ சந்தேகித்தார்கள். 1951-ல் மெல்போர்ன் மருத்துவர் கேட் கேம்ப்பெல், ஆக்சிஜனைச் செலவு பார்க்காமல் கொடுத்த இடத்தில்தான் குருட்டுத்தன்மை அதிகம் என்று கவனித்து எழுதினார். அப்போதே வாஷிங்டனில் ஆர்னல் பாட்ஸ் என்ற இளம் மருத்துவர் பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆக்சிஜனைக் குறைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். ஆக்சிஜனைக் குறைப்பது பாவம் என்று நினைத்த நர்ஸுகள் சிலர் ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் அதைக் கூட்டி வைத்தார்களாம். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. மூச்சுக்குத் திணறும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் யாருக்கும் கை அந்தத் திருகுக்குத்தான் போகும். 1953-ல் தொடங்கி 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு விஷயத்தைத் தீர்த்துவைத்தது. அதற்குள் உலகம் முழுவதும் சுமார் 10,000 பிள்ளைகள் பார்வையிழந்திருந்தார்கள். 1950-ல் ஆறு வாரம் முன்கூட்டிப் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர்.

உடனே ஆக்சிஜனை 40 சதவீதத்துக்குமேல் தராதே என்று கட்டுப்பாடு வந்தது. கண்கள் தப்பின, உயிர்கள் போயின. ஒரு பிள்ளையின் பார்வையைக் காப்பாற்றிய விலை ஏறக்குறைய 16 பிள்ளைகளின் உயிர் என்று 1973-ல் பிரிட்டனின் கென்னத் கிராஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். மூச்சுக்குப் போராடி மூளைக்கு ஆக்சிஜன் எட்டாமல் தவித்த பிள்ளைகளுக்குக் கை கால் விறைப்பும் வந்தது. கூட்டினாலும் கேடு, குறைத்தாலும் கேடு.

வழி கிடைத்தது ஜப்பானில். தகுவோ அவோயாகி என்ற பொறியாளர் 1974-ல், தோலின் வழியே ஒளியைச் செலுத்தியே ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார். கொரோனா காலத்தில் நாமெல்லாம் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அதே பல்ஸ் ஆக்சிமீட்டர். குழந்தைகள் வார்டில் அது பிள்ளையின் கையிலோ பாதத்திலோ ஒட்டியிருக்கும்; துணிக்குள்ளிருந்து சிவப்பாக மினுங்கும். பெரியவர்களுக்கு 99, 100 என்று காட்டினால் நிம்மதி. ஆக்சிஜன் ஏற்றப்படும் குறைமாசப் பிள்ளைக்கு 100 என்று காட்டினால் அது எச்சரிக்கை. 2010-ல் அமெரிக்காவில் 24 முதல் 27 வாரத்தில் பிறந்த 1,316 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வில், அளவை 85 முதல் 89-க்குள் வைத்த பிரிவில் கண் நோய் குறைந்தது, இறப்பு கூடியது. 91 முதல் 95-க்குள் வைத்த பிரிவில் இறப்பு குறைந்தது, கண் நோய் கூடியது. இப்போது பெரும்பாலும் 90 முதல் 95 வரை என்று வைத்துக்கொள்கிறார்கள். அந்த ஐந்து புள்ளிக்குள் பிள்ளையை நிறுத்திவைப்பது ராத்திரி ஷிப்ட் நர்ஸின் வேலை. எண் ஏறும், திருகைக் குறைப்பார். பிள்ளை மூச்சை மறந்து நீலம் பாயும், பாதத்தைச் சுண்டிவிட்டுத் திருகைக் கூட்டுவார். அந்த ஒரு கைக்குப் பத்துப் பதினைந்து பிள்ளைகளை ஒப்படைத்தால் எந்தக் கருவி இருந்தும் பயனில்லை.

2020-ல் இந்தியாவில் மட்டும் சுமார் 30 லட்சம் பிள்ளைகள் குறைமாசத்தில் பிறந்தார்கள்; உலகத்திலேயே அதிகம். தாயின் ரத்தசோகை, ரத்த அழுத்தம், தொற்று, இரட்டைப் பிள்ளை, இளவயதுப் பிரசவம் என்று காரணங்கள் பல. முன்பு ஏழாம் மாசத்துப் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கடவுள்மேல் பாரத்தைப் போட்டார்கள். இன்று திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, 108 இருக்கிறது, பிள்ளை பிழைக்கிறது. பிழைக்கும் பிள்ளைகள் பெருகப் பெருகத்தான் கண் நோயும் பெருகும். மேலை நாடுகளில் ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த மிகச் சிறிய பிள்ளைகளுக்கே பெரும்பாலும் வரும் இந்த நோய், நம் நாட்டில் அதைவிடக் கனமான பிள்ளைகளுக்கும் வருகிறது. ஆக்சிஜன் அளவில்லாமல் போவது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இந்த நோய்க்குத் தமிழ்நாட்டில் ஒரு வழக்கும் உண்டு. 1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29-வது வாரத்தில் 1,250 கிராம் எடையோடு ஒரு பெண் குழந்தை பிறந்தது. இன்குபேட்டர், ஆக்சிஜன் எல்லாம் கிடைத்து உயிர் பிழைத்து வீடு சேர்ந்தது. கண்ணைப் பார்க்க வேண்டும் என்று பெற்றோரிடம் யாரும் சொல்லவில்லை. பிறகு தெரிந்தபோது நோய் ஐந்தாம் கட்டத்தில் இருந்தது. அந்தத் தகப்பனார் நுகர்வோர் ஆணையம் போனார். 2009-ல் 5 லட்சம் என்று தீர்ப்பானது. உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015 ஜூலை 1-ம் தேதி, சிகிச்சைச் செலவையும் சேர்த்துச் சுமார் 1.8 கோடி ரூபாய் தரச்சொல்லி உத்தரவானது. நாடு முழுவதும் குழந்தை மருத்துவர்கள் படித்த தீர்ப்பு அது. ஆனால் தீர்ப்பு வந்தபோது அந்தப் பெண்ணுக்கு 18 வயது. பார்வை திரும்பவில்லை.

சரியான நாளில் ஒரு டாக்டர் கண்ணுக்குள் பார்த்திருந்தால் போதும். நம் நாட்டின் வழிகாட்டுதல் தெளிவாகவே இருக்கிறது. 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, பிறந்த எடை 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, பிறந்த 30 நாளுக்குள் முதல் கண் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன், அல்லது 1,200 கிராமுக்குக் கீழே என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. கண்மணி விரியச் சொட்டு மருந்து விடுவார்கள். பிள்ளையைத் துணியில் இறுக்கிச் சுற்றி, இமையை மெல்லிய கம்பிக் கருவியால் விலக்கி, தலையில் விளக்கு மாட்டிய டாக்டர் லென்ஸ் வழியே பார்ப்பார். அல்லது கேமரா முனையைக் கண்ணில் வைத்துப் படமெடுப்பார்கள். ஆரஞ்சு நிற விழித்திரையில் நாளங்கள் எந்தக் கோடுவரை வந்து நிற்கின்றன என்பது திரையில் அப்படியே தெரியும். பிள்ளை வீரிட்டு அழும். தாய்க்குப் பார்க்கச் சகிக்காது. சில நிமிடம்தான். கோவை அரவிந்த் கண் மருத்துவமனை இந்தக் கேமராவை வண்டியில் ஏற்றி, பயிற்சி பெற்ற பணியாளர்களோடு சுற்றுவட்டாரக் குழந்தைகள் வார்டுகளுக்கே அனுப்பியது. படத்தை டாக்டர் தொலைவிலிருந்து பார்த்துச் சொல்வார். நோய் முற்றும் அறிகுறி தெரிந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் லேசர் செய்யவோ கண்ணுக்குள் ஊசி போடவோ வேண்டும். லேசர் விளிம்பைச் சுட்டு நடுவைக் காப்பாற்றுகிறது. திண்டுக்கல்காரர்களுக்கு மதுரை அறுபது கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். வைத்தியம் எட்டாத தூரத்தில் இல்லை.

எட்டவிடாமல் செய்வது வேறு. நம் வீடுகளில் பிறந்த பிள்ளையை முப்பது கழியாமல் வாசல் தாண்டவிட மாட்டார்கள். காத்து கருப்பு அண்டும், கண்ணேறு படும், தீட்டுக் கழிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். குறைமாசப் பிள்ளை என்றால் இன்னும் கூடுதலாகப் பொத்திப் பொத்தி வைப்பார்கள். அதில் உள்ள அக்கறையை நான் மதிக்கிறேன். தொற்றுக்குப் பயந்து அப்படி வைத்ததில் அர்த்தமும் இருந்தது. ஆனால் கண் பரிசோதனைக்குக் கெடு வைத்திருப்பதும் அதே முப்பதுதான். இரண்டு முப்பதும் மோதும்போது கண் தோற்கிறது. இன்னொன்று கூலி. நோயின் சாடை தெரிந்தால் நாளங்கள் விளிம்பை எட்டும்வரை வாரத்துக்கு ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ போய்க் காட்ட வேண்டும். நூல் மில்லில் ஷிப்ட் பார்க்கிற தகப்பனுக்கும், நிலக்கோட்டையில் பூப் பறிக்கிற தாய்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளம் போகும். பிள்ளை சிரிக்கிறது, பால் குடிக்கிறது, கண்ணும் வெளியே பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது, எதற்கு அலைய வேண்டும் என்று நின்றுவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இந்த நோய் தெரியவே தெரியாது. கண்மணியில் வெள்ளையாகத் தெரிந்தால் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

கண் தப்பினாலும் கவனிப்பு முடிந்துவிடாது. இந்தப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வையும் மாறுகண்ணும் வரும் வாய்ப்பு அதிகம். காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். கால் விறைக்கிறதா, தலை நிற்கிறதா, குரல் கொடுத்தால் திரும்புகிறதா என்று ஒவ்வொன்றாகக் கவனிக்க வேண்டும். இரண்டு மாசம் முந்திப் பிறந்த பிள்ளையின் வளர்ச்சியைப் பார்க்கும்போது அந்த இரண்டு மாசத்தைக் கழித்துத்தான் வயதைக் கணக்கிட வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுத் தாயைக் குத்திக் காட்டக் கூடாது. கழித்துப் பார்த்தும் தலை நிற்கவில்லை, உட்காரவில்லை என்றால், "தானா சரியாயிரும், அவங்க அப்பனும் லேட்டாத்தான் நடந்தான்" என்று சும்மா இருக்கவும் கூடாது. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. பயிற்சியும் சிகிச்சையும் இலவசம். முதல் இரண்டு வருஷத்தில் மூளை ஏற்றுக்கொள்வதை ஐந்தாவது வருஷத்தில் அதே அளவு ஏற்றுக்கொள்ளாது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ குறைமாசத்தில் ஒரு பிள்ளை பிறந்திருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் பாருங்கள். பிறந்த எடை 2 கிலோவுக்குக் கீழா, 34 வாரத்துக்கு முன்னாலா, ஆக்சிஜன் வைத்தார்களா, கண் பரிசோதனைக்குத் தேதி எழுதியிருக்கிறார்களா? எழுதவில்லை என்றால் வார்டுக்கே திரும்பிப் போய், "ஆர்ஓபி செக்கப் எப்போ, எங்கே?" என்று கேளுங்கள். முப்பதாம் நாள் தாண்டிவிட்டதா? நாளைக் காலை முதல் பஸ்ஸில் கிளம்புங்கள். பஸ் காசு இல்லாத வீடென்றால் நீங்கள் கொடுத்து அனுப்புங்கள்.